பசைக்காரர் ஒழுகல் பிடிக்கிறார்

தண்ணீர்க் குழாயை வண்டியின் முன்கண்ணாடி மேல் பீய்ச்சியடித்துவிட்டு, அதை அப்படியே தரையில் போட்டுவிட்டு, ஓடிப்போய்க் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டுகிறார் பசைக்காரர். திறந்த வேகத்தில், கதவின் மேல் விளிம்பில் தேங்கி நின்ற தண்ணீர் சீட்டில் சொட்டுகிறது. "பாத்தியா, கதவு ரப்பர்தான்! நான் அப்பவே சொன்னேன்ல?" என்று தெருக்கோடிவரை கேட்கும்படி கத்துகிறார். தரையில் போட்ட குழாய் துள்ளித் துள்ளி, கொடியில் காயும் துணிகளை இன்னொரு தடவை துவைத்துக்கொண்டிருக்கிறது.

மழைத் தண்ணீர் வண்டிக்குள் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அவரிடம் இருப்பது இந்த ஒரே முறைதான். தானே ஊற்றுவார், தானே ஓடுவார், தானே பார்ப்பார், தீர்ப்பையும் தானே சொல்வார். கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தத் தண்ணீர் உள்ளே விழுந்தே இருக்காது என்பது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது, சொன்னாலும் ஏறாது. யாராவது சொல்ல வாயெடுப்பதற்குள் பசைக் குழலின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்திருப்பார்.

பெயர் வந்தது அப்படித்தான். பசையுள்ள ஆள் போலிருக்கிறது என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். பையில் அப்படி ஒன்றும் கிடையாது, எல்லாம் விரலில்தான். கண்ணாடிக்கும் குளியலறைக்கும் பூசுகிற சிலிக்கான் பசை, வெள்ளை, கறுப்பு, சாம்பல் என்று எது கிடைக்கிறதோ அது. பூசிய விரலைத் துடைக்கமாட்டார். காயவிட்டு, ஆட்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது தோல் மாதிரி உரித்து, உருட்டி, எதிரில் இருக்கிற மேசைக்கு அடியில் ஒட்டிவிடுவார். அவர் வந்து போன டீக்கடையில் பெஞ்சுக்கு அடியில் கை வைக்க எல்லோருக்கும் கூச்சம்.

வண்டி ஒரு பழைய பிக்கப். முன்னால் இரண்டு பேர் உட்காரும் கேபின், பின்னால் திறந்த தொட்டி. கேபினில் பசை ஏறாத இடுக்கு இல்லை. முன்கண்ணாடியைச் சுற்றிக் கோணல்மாணலாகப் பூசியிருப்பதைப் பார்த்தால், பல் துலக்கிவிட்டு வாய் கொப்புளிக்காமல் வந்து நிற்கிறவர் முகம் ஞாபகத்துக்கு வரும். பின்கண்ணாடி முன்பெல்லாம் நகர்த்தித் திறக்கக்கூடியது. இப்போது அது சுவரோடு சுவர். வைப்பருக்குக் கீழே மழைநீர் வழிந்து வெளியே போவதற்கென்று ஓர் ஓட்டை இருந்தது. அதையும் அடைத்துவிட்டார். "ஓட்டைன்னு ஒண்ணு இருந்தா அடைச்சிரணும். அதுல என்ன யோசனை?" என்றார். அதற்குப் பிறகு, வெளியே போக வழியில்லாத அந்தத் தண்ணீர் கால்மிதிக்கு அடியில் வந்து குடியேறியது. அந்த ஓட்டையை அவருடைய மனைவி ஒரு கொண்டை ஊசியால் குத்தித் திறந்தாள். தண்ணீர் நின்றதும், தான் பூசிய பசை வேலை செய்கிறது என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

மேலிருந்து சொட்டுவது மட்டும் நிற்கவில்லை. கேபினுக்குள் ஏறினால் நனைந்த சாக்கு வாடை. அதைப் போக்க அவர் தொங்கவிட்ட வாசனை உருண்டைகள் இப்போது சாக்கு வாடையோடு சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாடையை உண்டாக்கியிருக்கின்றன.

மனைவி திரைச்சீலை தைக்கிறவள். வீட்டின் முன்னறை முழுக்க அவளுடைய தையல் இயந்திரமும் நீளமான இஸ்திரி மேசையும்தான். ஒரு தங்கும் விடுதிக்கு அறை அறையாகத் திரை தைத்துத் தருகிறாள். எல்லாம் வெள்ளைத் துணி. அடுப்பு எரிவதும் வாடகை போவதும் அதில்தான். தொட்டியில் வைத்துக் கொண்டுபோனால் தூசி, மடித்துப் பிளாஸ்டிக் உறையில் கட்டினால் புழுங்கிச் சுருக்கம் விழும். அதனால் இஸ்திரி போட்ட திரைகளைக் கேபினில், தன் மடியில் தளர்வாக வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்து வருவாள். மழை பெய்தால் மூட்டையின் மேல் கவிழ்ந்துகொள்வாள். சொட்டுத் தண்ணீர் அவள் பிடரியில் விழுந்து முதுகுக்குள் இறங்கும்.

டிரைவர் சீட்டில் ஒரு சொட்டு விழாது. அந்தக் காய்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் பசைக்காரர் ஒழுகலைப் பற்றி வாய் கிழியப் பேசுவார். "என் பக்கம் ஒண்ணும் இல்லையே. நீ ஏறும்போது ஈரத்தோட ஏறியிருப்ப" என்பார். "ஏங்க, மேலேருந்து விழுது. கூரைத் துணி நனைஞ்சு அங்கேருந்து சொட்டுது" என்று அவள் சொன்னால், "மேல எங்க ஓட்டை இருக்கு? தகரம் என்ன சல்லடையா?" என்று கேட்பார். ஒரு நாள் மனம் இரங்கி ஒரு குடை வாங்கி வந்து கொடுத்தார். இறங்கி நடக்கும்போது பிடிக்க இல்லை, வண்டிக்குள் விரித்துக்கொள்வதற்கு. சிக்னலில் நின்ற வண்டிகளெல்லாம், கேபினுக்குள் குடை பிடித்துக்கொண்டு போகிற பெண்ணைத் திரும்பித் திரும்பிப் பார்த்தன. அவளுக்கு அவமானத்தில் உயிர் போயிற்று. அவர் தன் யோசனையைத் தானே மெச்சிக்கொண்டு, ஹாரன் அடித்தபடி ஓட்டினார்.

கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வண்டியை எடுப்பார். ஆனால் ஒரு மனிதரோடு குடித்தனம் நடத்த அது போதுமா என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

பசை விற்கிற கடைக்காரர் ஒரு தடவை சரியான வழியைச் சொல்லிக்கொடுத்தார். அவளும் அப்போது கூட நின்றிருந்தாள். "ஒரு ஆள் உள்ள உக்காந்து கதவை மூடிக்கணும். இன்னொரு ஆள் வெளியே நின்னு கீழேருந்து மேல, ஒவ்வொரு இடமா மெதுவா ஊத்திட்டே வரணும். எங்க ஊத்தும்போது உள்ள விழுதோ, அதான் இடம். அப்புறம்தான் பசை." பசைக்காரர் ஒரு சிரிப்பு சிரித்தார். "உள்ள உக்கார்ற ஆள் சரியா பாக்கலைன்னா? நம்ம வேலைய நாமதான் பாக்கணும்." கடைக்காரர் இன்னொரு பசைக் குழலை எடுத்துக் கொடுத்து, காசை வாங்கிப் போட்டுக்கொண்டார். வாரம் தவறாமல் பசை வாங்குகிறவரைத் திருத்துவதற்கு அவருக்கு என்ன தலையெழுத்தா?

ஒருநாள் அவள் கேட்டே விட்டாள். "மேல பலகை மாட்டுனதுக்கு அப்புறம்தாங்க ஒழுகுது. அதைக் கொஞ்சம் கழட்டிப் பாத்தா என்ன?"

கேபின் கூரையின் மேல், எதிரே வருகிறவர்கள் பார்க்கும்படி நிற்கிற தகரப் பலகை அது. 'திரைச்சீலைகள் தைத்துத் தரப்படும்' என்று மேலே பொடி எழுத்தில் ஒரு வரி. கீழே, பலகையை அடைத்துக்கொண்டு, அவருடைய பெயர். பெயருக்குப் பக்கத்தில் 'உரிமையாளர்'. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத உரிமையாளர். இரவல் வாங்கிய டிரில்லை வைத்துக் கூரையில் துளை போட்டு, திருகாணி முடுக்கி, அவரே மாட்டினார். தினம் காலையில் அதைத் துடைக்கிறார். அத்தனை பசை பூசிய வண்டியில் பசை படாத ஒரே இடமும் அதுதான்.

"பலகையா?" என்றார். முகம் சுண்டிவிட்டது. "அது என் கையால துளை போட்டு மாட்டுனது. அதுல எப்படி ஒழுகும்?"

இப்படிக் கேட்கிறவரிடம் என்ன பதில் சொல்வது? அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. சோறு மட்டும் வேளை தவறாமல் சாப்பிட்டார்.

போன வாரம் விடுதியிலிருந்து ஒரு திரை திரும்பி வந்தது. அங்கே துணி அறையைப் பார்த்துக்கொள்கிற அம்மா, கடுமையான பேச்சுக்காரர், ஆனால் நியாயம் தெரிந்தவர். திரையை வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். நடுவில் பழுப்பாக, உள்ளங்கை அகலத்துக்குத் துருக்கறை. "ஏம்மா, உன் தையல்ல நான் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா இந்தக் கறையோட அறையில மாட்டுனா என்னைக் கேப்பாங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளுக்குக் குடுத்துருவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்காத" என்றார். பசைக்காரர் அருகில்தான் நின்றார். கறையை உற்றுப் பார்த்துவிட்டு, "துணி தரமில்ல" என்றார்.

அவள் கறைபட்ட திரையை மடித்து, மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். கண் தெரியாத வயதில் போட வேண்டிய மூக்குக்கண்ணாடியை இப்போதே போட்டுக்கொண்டு, முதுகு விட்டுப்போகத் தைத்துச் சேர்த்த வேலை. அது ஒரு மனிதரின் வீம்பில் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த கட்டுத் திரைகள் தயாராகி இஸ்திரி மேசையில் கிடந்தன. மறுநாள் காலை கொடுக்க வேண்டும். வானம் மூடிக்கொண்டு வந்தது. பசைக்காரர் வழக்கம்போலக் குழாயோடு கிளம்பினார். பீய்ச்சினார், போட்டார், ஓடினார். தரையெல்லாம் சோப்புத் தண்ணீர், அன்று வண்டியைக் கழுவியிருந்தார். கதவுப் பிடிக்குப் போன கை காற்றைப் பிடித்தது. ஆள் சறுக்கிக்கொண்டு போய் வண்டிச் சக்கரத்தில் மோதி நின்றார். கணுக்கால் பிசகிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. வண்டியெல்லாம் ஓட்டுவேன். நிக்கத்தான் முடியல" என்றார், தரையில் உட்கார்ந்தபடியே.

"நிக்க வேணாம். உள்ள உக்காருங்க" என்றாள் மனைவி. குரலில் இருந்தது அவருக்குப் பழக்கமில்லாத ஒன்று. கையைக் கொடுத்துத் தூக்கி, தான் உட்காருகிற சீட்டில் அவரை உட்கார வைத்தாள். பிசகிய காலை டேஷ்போர்டின் மேல் தூக்கி வைத்தாள். கதவை அறைந்து மூடினாள். வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர் அந்த சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். குழாயை மெல்லத் திறந்து, முதலில் கதவின் கீழ்ப்பகுதியில் ஊற்றினாள்.

"வருதா?"

"இல்ல."

கதவு ரப்பரைச் சுற்றி நிதானமாக, ஒரு முழுச் சுற்று ஊற்றினாள். "வருதா?"

"கொஞ்சம் ஈரமாத்தான் தெரியுது."

"விழுதா, விழலையா?"

"விழல."

பின்கண்ணாடி. இல்லை. முன்கண்ணாடியின் கீழ் விளிம்பு, பக்கங்கள், மேல் விளிம்பு. இல்லை. இத்தனை நாளும் குழல் குழலாகப் பசை தின்ற இடங்களில் ஒன்றுகூட ஒழுகவில்லை. ஒவ்வோர் 'இல்ல'வும் முன்னதைவிடச் சன்னமாக வந்தது.

ஸ்டூலை நகர்த்திப் போட்டு, எக்கி, குழாயைப் பலகையின் அடியில் பிடித்தாள். தண்ணீர் திருகாணித் தலைகளைச் சுற்றித் தேங்கியது. துருப்பிடித்த தலைகள். பலகையைத் தினம் துடைக்கிறவர் அதற்குக் கீழே ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை போலும். அவள் அவசரப்படவில்லை. குழாயை அதே இடத்தில் பிடித்தபடி நின்றாள்.

"வருதா?"

உள்ளேயிருந்து ஓர் இருமல் மட்டும் கேட்டது.

குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கூரைத் துணியில் ஈரம் ஒரு தட்டு அகலத்துக்குப் பரவியிருந்தது. முதல் சொட்டு அவருடைய உச்சந்தலையில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். அடுத்தது மூக்கின் மேல். அதற்கு அடுத்தது சட்டைக் காலருக்குள் போயிற்று. கால் மேலே கிடந்ததால் நகரவும் வழியில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டார். சொட்டு இப்போது விடாமல் விழுந்தது.

"நல்லா பாத்துச் சொல்லுங்க" என்றாள் அவள், கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய். "நாளைக்குத் திரை அந்த சீட்லதான் வரப்போகுது. வருதா, இல்லையா?"

பசைக்காரர் இடது கையைக் குழித்துத் தலைக்கு மேல் பிடித்து, விழுகிற தண்ணீரை அதில் ஏந்திக்கொண்டார். வலது கையை அவளுக்குத் தெரியும்படி உயர்த்தி, விரல்களை விரித்து, இல்லை என்று ஆட்டினார்.