நாமக்கோழி நாற்பது

காரிமங்கலத்தில் பேருந்து நிலையத்திலிருந்து சந்தைக்குப் போகிற வழியில் ராஜாமணியின் கறிக்கோழிக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகையில் அவள் புருசன் சின்னராஜின் பெயர்தான் எழுதியிருக்கும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் எதிர்க்கடைக்காரருக்கே தெரியாது. ராஜாமணி கடை என்றால் குழந்தைகூடக் கொண்டுவந்து விட்டுவிடும்.

சின்னராஜுக்கு வேலை வெளியில். குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய்க் கோழி ஏற்றி வருவான். அறுப்பது, உரிப்பது, வெட்டுவது, வாங்க வந்தவரின் மாமியாருக்குக் கால்வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது எல்லாம் ராஜாமணி. கை பாட்டுக்குக் கை வேலை செய்யும், வாய் பாட்டுக்கு வாய் வேலை செய்யும்.

புரட்டாசி வந்தால் மட்டும் இரண்டுக்கும் ஓய்வு. ஊரில் பாதிப் பேர் கறி தொடமாட்டார்கள். கூண்டுக்குள் கோழிகளும் வெளியில் ராஜாமணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்படி ஒரு புரட்டாசிக் காலையில் அவள் போனில் புதிதாக ஒரு வாட்ஸப் குழு வந்து உட்கார்ந்திருந்தது. பெயர் 'தருமபுரி பறவைகள்'.

ஏற்கெனவே கறிக்கோழி வியாபாரிகள் குழு ஒன்றில் அவள் இருந்தாள். தினமும் காலையில் அதில்தான் விலை வரும். போன மாதம் அந்தக் குழுவில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். சரி, சங்கம் இரண்டாகப் பிரிந்துவிட்டது போலிருக்கிறது, இது புதுச் சங்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

திறந்து பார்த்தால் சரக்கு விவரம் ஒழுங்காக எழுதியிருந்தது. "பெரிய ஏரி, காலை. நாமக்கோழி நாற்பது. தாழைக்கோழி ஆறு. கானாங்கோழி இரண்டு."

தாழைக்கோழியும் கானாங்கோழியும் புது ரகமாக இருக்கலாம். நாமக்கோழி என்னவென்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. நாமக்கல் கோழியைத்தான் சுருக்கி எழுதியிருக்கிறார்கள். புரட்டாசி முடிந்ததும் பின்னாலேயே தீபாவளி வரும். இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

தட்டச்சு செய்யப் பொறுமை கிடையாது. பொத்தானை அழுத்திப் பேசியே அனுப்பிவிட்டாள்: "வணக்கமுங்க. காரிமங்கலம் ராஜாமணி பேசறேன். அந்த நாமக்கோழி நாப்பதையும் நானே எடுத்துக்கறேன். கிலோ என்ன ரேட்டுன்னு சொல்லுங்க. ஏரிக்கே எங்கூட்டுக்காரரு வண்டி எடுத்துக்கிட்டு வந்துடுவாரு. உசுரோட வேணும், செத்தது கித்தது கலந்து விட்டுடாதீங்க." பின்னணியில் கூண்டுக்கோழிகள் கொக்கரித்தது தெளிவாகப் பதிவாகியிருந்தது.

அந்தக் குழுவில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். வாத்தியார்கள், வங்கிக்காரர்கள், ஒரு பல் டாக்டர், கல்லூரிப் பிள்ளைகள். எல்லாரும் விடிவதற்கு முன்னால் எழுந்து ஏரிக்கரையிலும் மலையடிவாரத்திலும் பறவை பார்த்து, பார்த்ததைப் பகிர்ந்துகொள்கிறவர்கள். ராஜாமணியின் குரலைக் கேட்டதும் குழுவே அல்லோலகல்லோலப்பட்டது. பறவை பிடிக்கிற கும்பல் குழுவுக்குள் நுழைந்துவிட்டது என்றார் ஒருவர். வனத்துறைக்குச் சொல்லலாமா என்றார் இன்னொருவர். வண்டி நம்பரைக் கேட்டு வாங்குங்கள் என்றார் பல் டாக்டர்.

அடுத்த நிமிடம் போன் அடித்தது. குழுவை நடத்துகிற இளம்பரிதி. தருமபுரியில் வங்கி வேலை, பெண் எடுத்தது காரிமங்கலத்தில். மாமனார் வீட்டுக்கு வந்தால் கறி வாங்குவது ராஜாமணியிடம்தான்.

"அக்கா, மன்னிச்சிக்குங்க. அரூர்ல ராஜாமணின்னு ஒரு காலேஜ் சார் இருக்காருங்க. அவரைச் சேக்கறதுக்குப் பதிலா உங்களைச் சேத்துட்டேன்."

"அப்ப இது கோழி யாவாரம் இல்லீங்களா தம்பி?"

"இல்லீங்கக்கா. இது சும்மா பறவைங்களப் பாக்கறது."

"பாத்து?"

"பாத்துட்டு, பாத்தோம்னு சொல்றது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

ராஜாமணி மனசுக்குள் கணக்குப் போட்டாள். முப்பது பேர் வேலை மெனக்கெட்டு ஏரிக்குப் போய், ஒன்றையும் பிடிக்காமல், பார்த்தோம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறார்கள் என்றால் அதில் என்னமோ இருக்க வேண்டும். "நானாவா வந்தேன்? நீங்கதானே கூப்பிட்டீங்க. வந்தது வந்துட்டேன், ரெண்டு நாள் இருந்து பாத்துட்டுப் போறனே" என்றாள். வந்த விருந்தாளியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள இளம்பரிதிக்கும் மனசு வரவில்லை. அரூர் சாரையும் சேர்த்துக்கொண்டு, ஒருவரை ராஜாமணி சார் என்றும் இன்னொருவரை ராஜாமணியக்கா என்றும் அழைப்பதாக முடிவாயிற்று.

மறுநாள் காலையில் அவள் சின்னராஜைக் கிளப்பிக்கொண்டு ஏரிக்குப் போனாள். தான் விலை கேட்ட கோழியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று அவளுக்கு ஒரு இது. தண்ணீரில் கன்னங்கரேலென்று உருண்டை உருண்டையாக நீந்திக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் நெற்றியில் வெள்ளையாக ஒரு பட்டை.

"அடக் கடவுளே, நாமமில்ல போட்டிருக்குது!" என்றாள் ராஜாமணி. "அதான் நாமக்கோழி. புரட்டாசி மாசத்துல எவ்வளவு பக்தியா இருக்குது பாருங்க."

"நீ இதையா நாப்பது ஆர்டர் குடுத்த?" சின்னராஜ் கரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். ஊருக்குத் திரும்புகிற வரை வண்டி ஓட்டிக்கொண்டே சிரித்தான். எதிர்ச்சாரியில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கும் கோவிந்தனிடம் அன்று மாலைக்குள் சொல்லியும் விட்டான். அதிலிருந்து கோவிந்தன் அவளைப் பார்க்கும்போதெல்லாம் நெற்றியில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டுவார்.

ராஜாமணி அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. ஏரிக்குப் போய் வந்ததைக் குழுவில் பேசி அனுப்பினாள். மின்கம்பியில் உட்கார்ந்திருந்த பனங்காடையைப் பார்த்தால் சொன்னாள். கொண்டலாத்தி நடுரோட்டில் கொண்டையை விரித்து மடக்கினால் சொன்னாள். பேர் தெரியாவிட்டால் எடையைச் சொல்லிக் கேட்பாள். "கால் கிலோ தேறுங்க, தோலோட. என்ன குருவி அது?" கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது ஒரே கொண்டாட்டம். அவள் குரல் வந்தாலே சிரிப்புப் பொம்மையாக அனுப்பித் தள்ளுவார்கள். ராஜாமணி சார் பொறுமையாகப் பெயர் சொல்லிக்கொடுப்பார்.

குழுவில் ஒருவருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. நல்லம்பள்ளியில் வேலை பார்க்கும் சோபனா டீச்சர். முட்டைகூடத் தொடாதவர். ராஜாமணி அனுப்பிய ஒரு பேச்சுக்கு நடுவே கத்தி விழுகிற சத்தமும் கோழி கத்துகிற சத்தமும் கேட்டிருக்கிறது. அன்று டீச்சர் எழுதினார்: "இது பறவைகளை நேசிப்பவர்களுக்கான குழு. தினமும் பறவைகளை அறுக்கிறவர் இதில் இருப்பது சரிதானா என்று எல்லோரும் யோசிக்க வேண்டும்."

ராஜாமணி அதைக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். யாருமே இதுவரை அவளிடம் இப்படிக் கேட்டதில்லை.

"ஏங்க, நான் கோழி அறுக்கறது தப்பா?" என்று சின்னராஜிடம் கேட்டாள்.

"அறுக்காம முழுசாக் குடுத்தா எவன் வாங்குவான்?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்று சிரிப்பு வரவில்லை. கோபமாக ஏதோ பேசி, அனுப்பாமலே அழித்தாள். குழுவைவிட்டு விலகவும் மனசில்லை. போனில் சத்தம் வராதபடி அதன் வாயை மட்டும் அடைத்துவைத்தாள். புரட்டாசி முடிந்தது, தீபாவளியும் வந்து போனது. கடையில் நிற்க நேரமில்லாமல் வியாபாரம் ஓடியது. ஆனால் கம்பியில் எது வந்து உட்கார்ந்தாலும் தலை தானாக நிமிர்ந்துவிடும். நிமிர்ந்து பார்ப்பாள், சொல்ல ஆளில்லாமல் மறுபடி குனிந்துகொள்வாள்.

கடைக்குப் பின்னால் ஒரு தரிசு. வேலிக்காத்தான் முள்ளும் நடுவில் ஒரு பாறையும். கழிவு டிரம்மை அங்கேதான் வைத்திருப்பாள். காக்காயும் பருந்தும் எப்போதும் சுற்றும். தீபாவளி கழிந்து ஒரு சனிக்கிழமை மாலை டிரம்மை மூடப் போனவள் பாறையின்மேல் எதையோ பார்த்தாள். அழுக்கு வெள்ளையில், முகத்தில் முடியில்லாமல் மஞ்சளாக, பிடரியில் சீப்பே படாத தலைபோல இறகு சிலிர்த்துக்கொண்டு. யார் வீட்டு வான்கோழியோ நோய் வந்து தப்பி வந்திருக்கிறது என்று அவளுக்கு இரக்கமாகிவிட்டது. எட்ட நின்று ஒரு போட்டோ எடுத்தாள். வியாபாரிகள் குழுவில் போடுவதாக நினைத்து, ஈரக்கையோடு அவசரத்தில் பறவைக் குழுவில் போட்டுவிட்டாள்.

"யாரோட வான்கோழின்னு தெரியலீங்க. சீக்குக்கோழி மாதிரி இருக்குது, மூஞ்சி பூரா மஞ்சக் காமாலை. நாய் கடிக்கறதுக்குள்ள வந்து புடிச்சிட்டுப் போயிடுங்க."

போன் கதறத் தொடங்கியது. முதலில் இளம்பரிதி. "அக்கா! யாரையும் புடிக்க விட்டுடாதீங்க!"

"நீங்க எப்பங்க தம்பி வான்கோழி வளத்தீங்க?"

"அது வான்கோழி இல்லீங்கக்கா! மஞ்சள்முகப் பாறு! பிணந்தின்னிக் கழுகு! நம்ம பக்கத்துல அதைப் பாத்து எத்தனையோ வருசமாச்சு!"

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்துவிடுகிறோம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்குத் தலைபோகிற வியாபாரம். இருந்தாலும் வாங்க என்றாள்.

மறுநாள் காலை இருபது பேர் பழுப்பும் பச்சையுமாகச் சட்டை போட்டு, நீளநீளமான கேமராவும் கழுத்தில் தொலைநோக்கியுமாகக் கடைமுன் இறங்கினார்கள். கறி வாங்க நின்றவர்கள் திகைத்தார்கள். எதிர்ச்சாரியில் கோவிந்தன், ஏதோ அதிகாரிகள் சோதனைக்கு வந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, தொங்கிய ஆட்டுத்தொடைக்கு வேட்டியைப் போர்த்திவிட்டு, வெட்டுமரத்தைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். பல் டாக்டர் அவரைப் பார்த்துச் சிநேகமாகத் தலையாட்டினார். கோவிந்தனுக்கு வியர்த்துக் கொட்டியது.

தரிசுக்குப் போக வேறு வழி கிடையாது, கடைக்குள் புகுந்துதான் போக வேண்டும். ஒவ்வொருவராகக் கூண்டையும் வெட்டுமரத்தையும் தாண்டிப் பின்வாசலுக்குப் போனார்கள். கடைசியில் ஒருவர் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்கில் கைக்குட்டை, கையில் தொலைநோக்கி. யாரென்று சொல்லாமலே ராஜாமணிக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க போகலீங்களா டீச்சர்?"

"என்னால இதத் தாண்டி வர முடியாதுங்க. அவங்க போட்டோ எடுத்துட்டு வந்தா பாத்துக்கறேன்." டீச்சரின் முகத்தில் வெறுப்பில்லை, பயம்தான். அந்தக் கழுகைப் பார்க்க ராத்திரியெல்லாம் தூங்காமல் வந்திருப்பது கண்ணில் தெரிந்தது.

இந்த ஒரு மாதமாகத் தனக்குள் பேசிப் பேசி அழித்ததையெல்லாம் இப்போது சொல்லிவிடலாமா என்று ராஜாமணி நினைத்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள். கத்தியை வைத்தாள். வரிசையில் நின்றவர்களிடம், "அஞ்சு நிமிசம் பொறுங்க, ஒருத்தரும் அவசரப்படாதீங்க" என்றாள். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவினாள். வெட்டுமரத்தின்மேல் சாக்கைப் போட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்து, டீச்சர் முன்னால் நீட்டினாள்.

"கண்ணை இறுக்கி மூடிக்குங்க. என் கையப் புடிச்சிக்கிட்டு வாங்க. நான் சொல்றப்பத்தான் தெறக்கணும்."

டீச்சர் தயங்கினார். பிறகு கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு கண்ணை மூடினார். ராஜாமணி அவரைப் புதுப்பெண்ணை அழைத்துப்போவதுபோலப் பதனமாக நடத்திக்கொண்டு போனாள். "படி ஒண்ணு இருக்குது. தாண்டுங்க. இன்னும் ரெண்டடி." கறி வாங்க வந்தவர்கள் ஏதோ சாமி காரியம்போல ஒதுங்கி வழி விட்டார்கள். கூண்டில் ஒரு கோழி கொக்கரித்தது. டீச்சரின் பிடி இறுகியது. பின்வாசல் தாண்டியதும், "இப்பத் தெறங்க" என்றாள்.

பாறைமேல் ஒன்றும் இல்லை.

எல்லாரும் மூச்சு விடாமல் முள்ளுக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள். வெயில் ஏறியது. முன்னால் வரிசையில் நிற்பவர்கள் அக்கா, அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இனி வராது என்று ராஜாமணி எழுந்தபோது, பெரிய நிழல் ஒன்று தரையில் வழுக்கிக்கொண்டு போனது. கழுகு ஒரு வட்டம் போட்டு இறங்கியது. இறங்கி, பறவை மாதிரித் தத்தாமல், நிலத்தைப் பார்வையிட வந்த சொந்தக்காரர்போல ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து நடந்தது.

டீச்சரின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் தன் தொலைநோக்கியைக் கழற்றி ராஜாமணி கையில் கொடுத்தார். அவள் அதுவரை அதில் பார்த்ததே இல்லை. கண்ணில் வைத்ததும் அந்த மஞ்சள் முகம் எதிரில் வந்து நின்றது. கண்ணைச் சுற்றியிருந்த சுருக்கம்கூடத் தெரிந்தது. அதுவும் அவளையே பார்ப்பதுபோலிருந்தது. ராஜாமணி பேச்சில்லாமல் நின்றதைப் பின்வாசலில் இருந்த சின்னராஜ் முதல்முறையாகப் பார்த்தான்.

திரும்பும்போது டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "நீங்க செய்யற தொழில் எனக்குப் புடிக்கலதாங்க. அதுல மாத்தமில்ல. ஆனா உங்களக் குழுவுல இருக்கக் கூடாதுன்னு சொன்னது தப்பு."

"புடிக்கவே வேணாம் டீச்சர். எனக்குந்தான் சில நாள் புடிக்கறதில்ல" என்றாள் ராஜாமணி. "டீ குடிக்கிறீங்களா? பக்கத்துல நல்லாப் போடுவாங்க."

அந்தக் கழுகு ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. கேள்விப்பட்டுச் சேலத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களை வரிசையில் நிறுத்திப் பின்னால் அனுப்புகிற வேலையைச் சின்னராஜ் தானாகவே எடுத்துக்கொண்டான். கேட்டவர்களுக்கெல்லாம், எங்கூட்டம்மாதான் கண்டுபுடிச்சது என்றான். பிறகு ஒருநாள் பாறை வெறுமையாக இருந்தது. மறுநாளும் அப்படியே.

அன்று சாயங்காலம் சோபனா டீச்சர் போன் செய்தார். "வந்துச்சா அக்கா?"

"இல்லீங்க டீச்சர், போயிடுச்சு போல." குரலில் வருத்தம் இருந்தது. அடுத்த வார்த்தையிலேயே அது காணாமல் போனது. "ஆனா இங்க வேலியில வேற ஒண்ணு வந்து உக்காந்திருக்குது. வால் மட்டும் முழ நீளம், என்னான்னே தெரியல. இருங்க, இருங்க, ஆட்டிக் காட்டுது பாருங்க..."

மறுமுனையில் டீச்சர் யாரிடமோ காரிமங்கலம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது காதில் விழுந்தது.