பூனைக்கு மீன் வாங்கியவர்

தொண்ணூறுகளின் கடைசியில், ஆஸ்டின் டவுன் மீன்கடையில் ஞாயிறுதோறும் அவரைப் பார்ப்பேன். நெற்றி நிறைய விபூதி, மடிப்புக் கலையாத வேட்டி சட்டை. கடையிலிருந்து நாலடி தள்ளி நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகையால் சின்ன எவர்சில்வர் டப்பாவை நீட்டுவார். மீன்காரம்மா எழுந்து வந்து அதை வாங்கிப்போய், மத்தியை முள் நீக்கிப் போட்டுத் தருவார். வேறு யாருக்காகவும் அந்தம்மா எழுந்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் மழைக்கு இருவரும் கடையின் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கினோம். நான் டப்பாவையே பார்ப்பதைக் கவனித்து, அவராகவே சொன்னார்.

“பூனைக்கு சார். நம்ம மிஸஸ் ஒரு வருஷம் படுத்த படுக்கையா இருந்தாங்க. அது அவங்க காலடிய விட்டு நகரல. அவங்க போனப்புறம் பால், தயிர்சாதம் எதையும் தொடல. டாக்டர்தான் மீன் வெச்சுப் பாருங்கன்னார்.”

“நீங்க சைவமா?”

“ஆமா. ஆனா அவங்க பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தது நாங்க ரெண்டு பேருதான் சார்.”

பூனையையும் சேர்த்துத்தான் சொன்னார் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகவே புரிந்தது.

மறுவருஷம் பூனை செத்துவிட்டதாக மீன்காரம்மா சொன்னார். இனி அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் வந்திருந்தார், டப்பா இல்லாமல். மீன்காரம்மா பக்கத்தில் போட்டுக்கொடுத்த பெட்டியில் உட்கார்ந்து, டீ குடித்தபடி, அந்தம்மா செதில் சீவிக்கொண்டே சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கைக்குட்டை மடிப்புக் கலையாமல் சட்டைப்பையில் இருந்தது.