எல்க் இறைச்சிக்குள் கிடந்த சின்னக் குண்டு

கத்தி 'டிக்' என்று பட்ட அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எலும்பில் பட்டால் அப்படிக் கேட்காது...

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். நோர்வேயில் ஹொல்ம்லியா என்ற இடத்தில் மூன்றாம் மாடி வீடு. ஜன்னலெல்லாம் ஆவி, அடுப்பில் வெங்காயம், வெட்டும் பலகையில் எல்க்கின் முன்தோள். எல்க் என்றால் குதிரையைவிட உயரமான காட்டு மான். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்த இங்கர் தந்த இறைச்சி அது. அவளுடைய கணவர் வேட்டைக்குப் போகிறவர்.

நோர்வே ஆட்கள் அதை முழுதாக மின்னடுப்புக்குள் வைத்து வாட்டிவிடுவார்கள். நாங்கள் விடுவோமா? கறிக்கென்றால் சின்னச் சின்னத் துண்டு. அதனால்தான் அகப்பட்டது. சதைக்குள் நெல்லிக்காய் அளவில் ஒரு வெள்ளைக் கட்டி. பிளந்து பார்த்தால் நடுவில் ஈயக்குண்டு. ஒரு கடலை அளவுதான் இருக்கும்.

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. கடையில் பால் வாங்கினாலும் பின்வரிசையில் கையை விட்டுத்தான் எடுப்பேன். அப்படிப்பட்டவள் கையில் இது கிடைத்தால்...

அதுவும் அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் இங்கர் எனக்கு ஒரு பாடமே நடத்தியிருந்தாள். சின்ன மானுக்குச் சின்னத் துவக்கு, எல்க்குக்குப் பெரிய துவக்கு. சின்னக் குண்டு பட்டால் எல்க் விழாது, காயத்தோடு ஓடிப்போய் எங்கேயோ கிடந்து வதைபடும். சட்டமும் விடாது, பிடிபட்டால் துவக்கையே பறித்துவிடுவார்கள் என்றாள்.

அப்படியானால் இது யார் சுட்டது?

நாங்கள் அப்போது நோர்வே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். பொலிஸ் பதிவில் ஒரு கீறல் இருந்தாலும் இழுபடும் என்று நம்மவர்களிடையே பேச்சு. களவு வேட்டை இறைச்சியைத் தின்றதாகக் கேஸ் வந்தால்? பயந்துபோய் கட்டியைக் குண்டோடு ஈயத்தாளில் சுற்றி ஃப்ரீஸருக்குள் வைத்தேன். சாட்சி வேண்டுமே.

இவர், என் கணவர், வேலையால் வந்ததும் சொன்னேன். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"குண்டோ? எனக்குக் காட்ட வேண்டாம். உதைக் கொண்டுபோய்க் குப்பையில போடும். வீட்டுக்குள்ள வைச்சிருக்காதையும்."

ஏன் இந்த மனுசன் இப்படிப் பதறுகிறார் என்று அதிலும் எனக்கு ஒரு சந்தேகம்.

திங்கட்கிழமை பொறுக்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் இங்கரிடம் கேட்டுவிட்டேன்.

"உன் கணவரிடம் சின்னத் துவக்கும் இருக்கிறதா?"

"இருக்கிறது. ஏன்?"

"அதால்தான் எல்க்கைச் சுட்டாரா?"

பாணில் பாதி கடித்தபடி என்னையே பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான், குற்றம் இல்லாவிட்டால் ஏன் எழும்பிப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அந்த வேலையிடத்தில் என் உடைந்த நோர்வே மொழியைச் சிரிக்காமல் கேட்ட ஒரே ஆள் அவள்தான். இரண்டு கிழமை தனியே இருந்து சாப்பிட்டேன். 

ஒரு சனிக்கிழமை, மீன் தேடி ஃப்ரீஸரைக் கிளறிய இவர் கையில் அந்த ஈயத்தாள் அகப்பட்டது. நான் திட்டு விழப்போகிறது என்று நின்றேன். இவரோ பிரித்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய், விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இது இந்த வருசத்தையான் குண்டில்லை," என்றார். "சுத்திவரச் சதை மூடிக் கட்டியாப் போச்சு. குறைஞ்சது ஒரு வருசம் உள்ளுக்க கிடந்திருக்கு. ஆரோ முந்தியே சுட்டிருக்கினம். அந்த இங்கரின்ர மனுசன் இல்லை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

 இவர் கை இடது கெண்டைக்காலுக்குப் போனது. அங்கே ஒரு கட்டி இருக்கிறது. கலியாணம் முடித்த புதிதில் கேட்டதற்கு, சைக்கிளால் விழுந்தது என்று சொல்லியிருந்தார். ஊரில் உள்ளதையெல்லாம் சந்தேகித்தவள், அதை மட்டும் நம்பிவிட்டேன்.

"அப்ப அது சைக்கிள் இல்லையோ?"

"இல்லை. ஷெல் பீஸ். ஊரில சண்டை நடக்கேக்க பதினேழு வயசில பட்டது, இன்னும் உள்ளுக்க கிடக்கு. குளிருக்குக் கொஞ்சம் குத்தும், அவ்வளவுதான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா எங்கை, எப்பிடி, ஏன் அங்கை நிண்டனீங்கள் எண்டு நீர் விடமாட்டீர்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம்கூட வெட்டவில்லை, சாட்டுச் சொல்ல.

திங்கள் அந்தப் பொட்டலத்தோடு போய் இங்கரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் குண்டை நெடுநேரம் பார்த்தாள். அந்த எல்க் மெலிந்து நொண்டியதாகக் கணவர் சொன்னாராம், காரணம் தெரியவில்லையாம். "ஒரு பனிக்காலம் முழுக்க இதோடு நடந்திருக்கிறது," என்றாள், கண் கலங்கி. நொண்டித் தோளைத்தான் எனக்குத் தந்தாளோ என்று ஒரு கணம் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். அன்று என் மேசையில்தான் சாப்பிட்டாள். ஆனால் அதன் பிறகு ஒரு இலையுதிர்காலத்திலும் இறைச்சி வரவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது எல்க் இறைச்சி கடையிலேயே பாக்கெட்டில் கிடைக்கிறது. எங்கே சுட்டது, யார் சுட்டது ஒன்றும் தெரியாது. பாஸ்போர்ட்டும் வந்து எவ்வளவோ காலம். இவருக்குக் குளிர் தொடங்கினால் கெண்டைக்காலில் கை போவது மட்டும் மாறவில்லை.

போன மாதம் மகள் பார்த்துவிட்டாள். "அப்பா, உது என்ன கட்டி?"

"சைக்கிளால விழுந்தது," என்றார் இவர், என்னைப் பார்த்தபடி.

"ஓம்," என்றேன் நான். "கலியாணத்துக்கு முந்தி."

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அது என்னுடையது.