மண்வெட்டிக்குப் பேரீச்சம்பழம்

முத்தியால்பேட்டை சொல்தா, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய், தொமினிக், பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வீடு திரும்பிய அன்றே ஒரு சபதம் எடுத்தார். இனி மண்வெட்டியைத் தொடமாட்டேன். பிரெஞ்சுப் பட்டாளம் அவரைச் சுட வைத்ததைவிட வெட்ட வைத்ததுதான் அதிகம். பதுங்குகுழி வெட்டு, வெட்டியதை மூடு, கோணலாக இருக்கிறது, மறுபடி வெட்டு. அவர் இடுப்பு அதை இன்னும் மறக்கவில்லை.

அவர் மனைவி மர்த்துக்கோ இதெல்லாம் சோம்பேறியின் சாக்கு.

"தோட்டம் வேணுமாம், ஆனா கொத்தமாட்டாராம். பேசாம கொல்லைக்கு சிமெண்டு போட்டுடலாம். ஃபாபிரிஸ் வந்தா கார் நிறுத்தவாவது ஆவும்."

ஃபாபிரிஸ் பாரிஸில் இருக்கும் மகன். எப்போதாவது வருவான். அவன் எடுக்கப்போகும் வாடகைக் காருக்காக ஒரு கொல்லையே சாக வேண்டும்! தொமினிக்குக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மதிப்பிருந்த இடம் அந்தக் கொல்லை ஒன்றுதான். அங்கே எதிர்த்துப் பேச ஆள் கிடையாது.

"கொத்தாமலே அந்த மண்ணப் பொலபொலன்னு ஆக்கிக் காட்டறேன். நோயேலுக்குள்ள ஆவலன்னா சிமெண்டு போட்டுக்கோ." நோயேல், அதாவது கிறிஸ்துமஸ், வர இன்னும் சில மாதம் இருந்தது.

"அப்போ இது எதுக்கு?" மர்த் மூலையில் சாய்ந்திருந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், தெருவில் வந்த பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். பதிலுக்கு வாங்கிய பேரீச்சம்பழத்தைத் தொமினிக்கின் எதிரிலேயே உட்கார்ந்து தின்றார். அவருக்கு ஒன்றுகூடத் தரவில்லை.

புரட்டாசி மழை விழுந்ததும் தொமினிக் கொல்லை முழுக்கத் தழையுரத்துக்கான தக்கைப்பூண்டு விதையைத் தூவினார். அது ஆள் உயரத்துக்கு வளர்ந்து பூ எடுக்கும் சமயத்தில், வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு அறுத்து, தழையை அப்படியே பரப்பினார். பெரிய மார்க்கெட் பழக்கடைகளிலிருந்து அட்டைப்பெட்டிகளை ஸ்கூட்டரில் கட்டி வந்து, டேப்பை உரித்து, நனைத்து மேலே விரித்தார். அதன்மேல் சாண எரு, சருகு. பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"முசே கொல்லைக்குப் போர்வை போத்தித் தூங்க வெச்சிட்டாரு" என்று தெருவே சிரித்தது. தொமினிக்கும் கூடச் சிரித்தார். ஆனால் உள்ளுக்குள் பயம்தான். கார்த்திகைக் குளிரில் தினமும் காலையில் யாருக்கும் தெரியாமல் அட்டையின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார். மண்புழு நெளிந்தால்தான் காபி இறங்கும்.

நோயேலுக்கு முந்தைய வாரம் மர்த், கொத்தனார் அம்மாவாசையோடு வந்து நின்றார்.

"கடப்பாரையப் போட்டுப் பாருப்பா. பாறையாட்டம் இருக்கும்."

அம்மாவாசை பாறையென்றே நம்பிப் பலத்தையெல்லாம் திரட்டிப் போட்டார். கடப்பாரை சரக்கென்று இறங்கியது. அவர் குப்புற விழாதது புண்ணியம்.

"இன்னா முசே, நேத்து கொத்தின மண்ணாட்டம் இருக்குது! நல்லா ஆழமா வெட்டியிருக்கீங்க."

மர்த்தின் முகம் மலர்ந்தது. "பாத்தியாப்பா, திருட்டுத்தனமா கொத்தியிருக்காரு! பந்தயம் செல்லாது. சிமெண்ட எறக்கு!"

தொமினிக்குக்குத் தலை சுற்றியது. பட்டாளத்தில் அத்தனை குழி வெட்டியும் ஒருவரும் நன்றாக வெட்டினாய் என்று சொன்னதில்லை. வெட்டாத மண்ணுக்குப் போய் இப்போது பாராட்டு வருகிறது, அதுவும் குடியைக் கெடுக்க!

"நான் கொத்தல மர்த். எல்லாம் மண்புழு வேல."

"ஓகோ, மண்புழு கடப்பாரை வெச்சிருந்துதா?"

அந்த வார்த்தையில்தான் அவருக்குப் பொறி தட்டியது. மெல்ல நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சரி, நாந்தான் கொத்தினேன்னே வெச்சிக்க. எதால கொத்தினேன்? எரவல் வாங்கியிருந்தா இந்தத் தெரு உங்கிட்ட சொல்லாம வுட்டிருக்குமா? நம்ம வூட்டு மண்வெட்டி எங்க?"

மர்த் மண்வெட்டி சாய்ந்திருந்த மூலையைப் பார்த்தார்.

ஒன்றும் புரியாத அம்மாவாசை, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, தானும் கேட்டார். "ஆமா மதாம், மண்வெட்டி எங்க?"

"தின்னுட்டேன்" என்றார் மர்த்.

அந்த வருடம் ஃபாபிரிஸின் கார் தெருவில்தான் நின்றது.