பௌர்ணமியன்று வைத்த கூட்டம்

எங்கள் ஊர் மலை சுற்றும் பாதையில் இருக்கிறது. இப்போது அது மாநகராட்சியில் ஒரு வார்டு. வாசலில் நின்று பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது. குழாயில் தண்ணீர் முன்பு வந்த நேரத்துக்குத்தான் வருகிறது, சில நாள் வருவதில்லை. என் வரையில் மாறியது ஒன்றுதான். நூறு நாள் வேலை போய்விட்டது.

அந்த வேலை கிராமங்களுக்கு மட்டும் உள்ளது. எனக்கு அது ரொம்பவும் தோதாக இருந்தது. புது மனிதர்கள் முன்னால் எனக்கு வாய் எழாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பத்தாவது வரை படித்தும், ஒரு கடையில் போய் வேலை கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் கொத்தனார். சாரம் சரிந்து விழுந்து இடுப்பில் அடிபட்டதிலிருந்து அவரால் கனமான எதையும் தூக்க முடியாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி, கிரிவலம் வருகிற ஜனத்துக்காக வீட்டு முன்னால் சுக்கு காபிக் கடை போடுவோம். அவர் உட்கார்ந்து ஊற்றித் தருவார், மற்றது நான். மாதத்தின் மீதி நாட்களுக்கு நூறு நாள் வேலைதான். காலையில் வருகைக் கணக்குக்குப் போனில் ஒரு போட்டோ எடுப்பார்கள். பிறகு ஏரிக் கால்வாயில் மண் அள்ளலாம். யாரோடும் பேச வேண்டியதில்லை.

ஊரை மாநகராட்சியில் சேர்க்கப் போகிற சேதியை அங்கேதான் கேட்டேன். சொன்னவர் பக்கத்து வீட்டு அக்கா. அவர் எனக்கு உறவு இல்லை, ஆனால் என் பங்குக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

“கேட்டியாடி, நம்ம ஊரை டவுனோட சேக்கப் போறாங்களாம். இனிமே நீயும் நானும் டவுன்காரிங்க.”

“நல்லதுதானக்கா?”

“நல்லதுதான். மண்வெட்டியைப் போட்டுட்டு லிப்ஸ்டிக் வாங்கிக்க.”

எல்லோரும் சிரித்தோம். போட்டோ எடுக்கிற பெண் மட்டும் சிரிக்கவில்லை. “டவுனாயிட்டா இந்த வேலை கிடையாதுக்கா” என்றாள். அக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கால்வாயில் இறங்கினார்.

ஊராட்சித் தலைவர் ஒரு வழி சொன்னார். சிறப்பு கிராம சபை கூட்டி, எங்களைச் சேர்க்க வேண்டாம் என்று தீர்மானம் போட்டு அனுப்பலாம். ஆனால் அதற்கு இத்தனை பேர் வந்து உட்கார வேண்டும் என்று கணக்கு உண்டு. அதைக் கோரம் என்பார்கள். எந்த நாள் வைத்தால் ஆள் சேரும் என்று பேச்சு வந்தது. ஊர் இளைஞர்கள் பாதிப் பேர் வெளியூர்க் கம்பெனிகளில் இருக்கிறார்கள். அவர்கள் கடை போட வீட்டுக்கு வருவது பௌர்ணமிக்குத்தான். ஆகையால் பௌர்ணமியன்றே வைப்பது என்று முடிவாயிற்று. ஜனம் சாயங்காலம்தான் நடக்க வரும், காலையில் கூட்டத்தை முடித்துவிடலாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

தேதியைப் பார்த்தோமே தவிர, திதி எப்போது பிறக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. கடைக்குச் சரக்கு எடுக்கும்போது அதைப் பார்ப்போம், கூட்டத்துக்குப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த மாதம் திதி விடியற்காலையிலேயே பிறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேறு. விடிந்தபோதே பாதை நிறைய ஜனம்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல் போட்டு, நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தார்கள். வந்து உட்கார்ந்தது நூறு நாள் வேலைப் பெண்களும், சில வயதானவர்களும்தான். கிளார்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “கோரம் சேரலைன்னா தீர்மானம் எழுத முடியாதும்மா. நான் இன்னா பண்றது?”

அக்கா என் பக்கம் திரும்பினார். “நீ போயி கூப்புடு. நான் போனா சண்டைக்கு வந்துட்டான்னு நெனப்பாங்க. பேசாதவ வந்து கேக்கறாளேன்னு உனக்கோசரம் வருவாங்க.”

என்னால் ஆகிற காரியம் இல்லை அது. ஆனாலும் போனேன். அத்தனை ஜனமும் ஒரு பக்கமாக நடந்துகொண்டிருக்க, நான் எதிராகப் போனேன். தேங்காய், கற்பூரம் விற்பவர் எனக்குக் கொழுந்தனார் முறை. கடை முன்னால் நின்றேனே தவிர, என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவரே கேட்டார்.

“இன்னா அண்ணி, மீட்டிங்கா? கையெழுத்துதான வேணும், என் பேருக்கு நீங்களே ஒண்ணு போட்டுடுங்க.”

“ஆளு வந்து உக்காரணுமாம்பா.”

“தோ வரேன். கூட்டம் கொஞ்சம் கம்மியாவட்டும்.”

கூட்டம் எப்படிக் கம்மியாகும்? அடுத்துச் சுண்டல் விற்கும் அம்மாவிடம் போனேன். அவர் கரண்டியை வைக்காமலே சொன்னார், “நான் அந்த வேலைக்கே வர்றதில்லியேம்மா. டவுனானா எடத்துக்கு வெல ஜாஸ்தியாவும்னு எம்புள்ள சொல்றான்.” அவர் சொல்வதும் நியாயம்தான். நான் அடுத்த கடைக்குத் திரும்பியபோது ஒரு வெளியூர்க்காரர் என்னிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டார். அவருக்கு வழி காட்டினேன். அன்று நான் உருப்படியாகச் செய்த காரியம் அதுதான்.

இன்னும் சில கடைகள் ஏறி இறங்கினேன். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லாரும் “தோ வரேன்” என்றார்கள். கடைசியில் எங்கள் கடைக்கே வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரர் தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தார். டம்ளர் கேட்டு நாலு பேர் கத்துகிறார்கள்.

“எத்தினி பேரு வந்தாங்க?” என்றார்.

“ஒருத்தரும் வரலை” என்றேன்.

அவர் அடுப்பை அணைத்தார். நின்றிருந்தவர்களிடம், “மன்னிச்சுக்குங்க, பக்கத்துக் கடையில குடிங்க” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “இன்னிக்கு விட்டா வேற நாளு ஏது, நட” என்றார். நான் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு அவரோடு கிளம்பினேன். அந்தக் கூட்டத்தில் அவர் அந்த இடுப்போடு நடந்து வர வெகுநேரம் ஆனது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தல்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கிளார்க் போய்விட்டார். அக்கா எங்களைப் பார்த்து, “ஊரையே இட்டுனு வரப் போனவ, புருஷனை இட்டுனு வந்திருக்கா பாரு” என்றார். இருந்தவர்கள் சிரித்தார்கள், வீட்டுக்காரரும் சிரித்தார். இடுப்பு வலி தாங்காமல் மிச்சம் இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியை எடுத்துப்போக ஆள் வரும்வரை உட்கார்ந்தே இருந்தார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுபடி கூட்டம் வைக்கலாம் என்றார்கள், வைக்கவில்லை. தீர்மானம் போட்டு அனுப்பிய ஊர்களையும் எங்களைப் போலவே மாநகராட்சியில் சேர்த்துவிட்டார்கள். அதனால் அன்று கோரம் சேர்ந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. அப்படி நினைத்தால் மனசு கொஞ்சம் ஆறுகிறது, கொஞ்சம் அலுப்பாகவும் இருக்கிறது.

இப்போது டவுனில் ஒரு லாட்ஜில் அறை பெருக்கித் துடைக்கிறேன். அக்காதான் கூடவந்து மேனேஜரிடம் எனக்காகப் பேசினார். அவருக்கு மாடி ஏற முழங்கால் ஒத்துழைக்காது என்பதால் அவர் சேரவில்லை. வேலை கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பௌர்ணமியன்று எல்லா அறையும் நிறைந்துவிடும், யாருக்கும் லீவு கிடையாது. நான் இல்லாமல் வீட்டுக்காரரால் கடை போட முடியாது. அதனால் சுக்கு காபிக் கடையும் நின்றுபோனது. எங்கள் இடத்தில் இப்போது வேறு யாரோ கரும்புச்சாறு மெஷின் வைக்கிறார்கள். வீட்டுக்காரர் ஜன்னலருகே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.