ஐஸ் கம்பெனியில் அப்டேட் போட்ட பரிமளா

“தொடாதீங்க, அமுக்காதீங்க, அப்டேட் வந்தா மொதல்ல என்கிட்ட எடுத்துக்கினு வாங்கன்னு தொண்டத் தண்ணி வத்த கத்துனேனே! காதுல இன்னா, உப்புத் தண்ணி பூந்துக்கினு கீதா?”

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் செல்போன் கடையில் பரிமளா இப்படிக் கத்தியது என் மகன் தேவாவைப் பார்த்து. மேசை மேல் அவன் ஃபோன் கிடந்தது. திரையில் கம்பெனிப் பெயர் எரியும், அணையும், மறுபடி எரியும். அதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை.

“சும்மா சும்மா மேல வந்து நிக்குது பரிமளாக்கா. மேப்பையே மறைக்குது. நான் போட்டுல எஞ்சினப் புடிப்பனா, அத்தத் தள்ளிக்கினு இருப்பனா? போய்த் தொலன்னு அமுக்கிட்டேன்.”

“தொலஞ்சிடுச்சி இல்ல? சந்தோசமா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் பிள்ளையை நான் திட்டுவேன், கண்டவள் திட்டுவதா? ஆனால் அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். முனியம்மாள் வாயை மூடினாள் என்று சொன்னால் எங்கள் குப்பத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

குப்பம் மரக்காணத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி திண்டிவனம் வந்து விற்க ஆரம்பித்தேன். பரிமளா கடைக்கு எதிரேதான் என் இடம். கூடைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்காக அவளைப் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு அவளைப் பற்றிச் சொல்லத் தகுதி உண்டு.

அவள் கண்டமங்கலம் பக்கத்துப் பெண். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடும் குடும்பம், சொந்த நிலம். விழுப்புரம் தனி ஜில்லாவான வருஷம்தான் தன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள் என்பாள். சின்ன வயதிலேயே மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்து, கரண்ட் அடித்து வரப்பில் விழுந்திருக்கிறாள். அப்பா வெங்கடாசலம் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார். இவள் கூரை ஓலையைப் பிரித்துக்கொண்டு உள்ளே போனாள். பன்னிரண்டாவது முடித்ததும் பாண்டிச்சேரியில் சார்ஜர் செய்யும் கம்பெனிக்குத் தினமும் பஸ்ஸில் போய் ஈயம் வைத்துப் பற்றவைக்கப் பழகினாள். அப்புறம் திண்டிவனத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருந்த சீனுவாசனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

சீனுவாசன் சாது. காலில் மிதித்தாலும் மன்னிப்புக் கேட்கிற ரகம். கல்யாணமான புதிதில் அவன் ஃபோனைத்தான் முதலில் பிரித்தாள். அது செத்தது. அடுத்ததை வாங்கினான், அதுவும் செத்தது. மூன்றாவது பிழைத்தது. “உன் வீட்டுக்காரர் ஃபோனத்தான் சாவடிக்கணுமா?” என்று நான் கேட்டதற்கு, “பின்ன, காசு குடுக்கறவன் ஃபோனையா சாவடிக்க முடியும்?” என்றாள். தன் வீட்டு ஃபோனில் செய்து பார்க்காத எதையும் ஊரான் ஃபோனில் அவள் செய்து நான் பார்த்ததில்லை.

கடைக்கு வருகிறவர்கள் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, “மெக்கானிக் எங்கம்மா?” என்பார்கள்.

“எதிர்லயே குந்திக்கினு கீறேன். கண்ணு தெரியலன்னா பக்கத்துல கண்ணாடிக் கட கீது, போய்ட்டு வாங்க.”

இப்படிப் பேசினால் வியாபாரம் எப்படி நடக்கும்? ஆனாலும் நடந்தது.

தேவாவின் ஃபோன் விலை குறைந்த சாதி. வாங்கும்போதே அதற்குள் கம்பெனிக்காரன் கண்ட விளையாட்டையும் கண்ட குப்பையையும் அடைத்து வைத்திருந்தான். அழித்தாலும் போகாது. புதிதாக ஒன்று போட இடம் கிடையாது. கடலில் சிக்னல் இல்லாமலே இடம் காட்டும் மேப் ஒன்று இருக்கிறது, அதைப் போடவேண்டும் என்று இரண்டு சீசனுக்கு முன்னால் தேவா அவளிடம் வந்து நின்றான்.

“ரூட் பண்ணாத்தான் ஆவும்ணா” என்றாள் பரிமளா.

“அப்டின்னா?” என்று நான் கேட்டேன்.

“ஃபோனுக்குள்ள ஒரு ரூம்ப கம்பெனிக்காரன் பூட்டி சாவிய அவனே வெச்சிக்கினு கீறான்மா. காசு குடுத்து வாங்குனவன் உள்ள போவ முடியாது. அந்தப் பூட்ட ஒடைக்கறதுதான் ரூட்டு.”

பூட்டு என்றால் அவளுக்குத்தான் ஆகாதே. திறந்தாள், குப்பையை வாரிக் கொட்டினாள், மேப்பைப் போட்டாள். போட்டுவிட்டு ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னாள். அதைத்தான் தேவா காதில் வாங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கடலுக்கு அடியில் பாறை இருக்கும் இடத்தில்தான் மீன் கூடும். அதை நாங்கள் பார் என்போம். முன்பெல்லாம் கரையில் தெரியும் பனைமரத்தையும் கோயிலையும் கண்ணால் கோடு பிடித்து அந்த இடத்துக்குப் போவார்கள். பனி மூடினால் ஒன்றும் தெரியாது. தேவா ஒவ்வொரு பாராகத் தேடித் தூண்டில் போட்டு, சங்கராவும் கொடுவாவும் ஏறிய இடத்தையெல்லாம் இரண்டு சீசனாக அந்த ஃபோன் மேப்பில் புள்ளி புள்ளியாகக் குறித்து வைத்திருந்தான். அந்தப் புள்ளிகள்தான் எங்கள் வீட்டுச் சோறு.

பார் இருக்கும் இடத்தை எங்கள் ஆட்கள் யாருக்கும் காட்டமாட்டார்கள். கூடப் பிறந்தவனுக்கே காட்டமாட்டார்கள். பொண்ணு கொடுத்தவன் கேட்டாலும் வேறு திசையைக் கை காட்டிவிடுவார்கள். பரிமளா இதை அறியாமல், தேவா வரும்போதெல்லாம், “உள்ள கீறத ஒரு காபி எடுத்து என் கம்ப்யூட்டர்ல வெச்சிடறேன்ணா, நாளைக்கி எதுனா ஆனா ஒதவும்” என்று கேட்பாள். அவன் ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வான். ஒருநாள், “கம்ப்யூட்டர்ல வெச்சா ஊருக்கே மைக்கு வெச்சி சொன்ன மாதிரிக்கா” என்று காரணத்தைச் சொன்னான். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை.

ஆகையால் ஃபோன் செத்தபோது உலகத்தில் வேறு எங்கேயும் காபி கிடையாது.

தேவா தலையில் கை வைத்து உட்கார்ந்தான். “எதுக்குக்கா இப்படி ஆச்சி? அப்டேட்டுன்னா நல்லதுதான?”

“நல்லதுதான். ஆனா, நாம செவுத்த இடிச்சி வாசல் வெச்சிட்டோம். அப்டேட்டு பழைய பிளானக் கையில வெச்சிக்கினு வந்த கொத்தனாரு. செவுரு இருக்கவேண்டிய எடத்துல வாசல் கீது. பாதி வேலையில முழிச்சிக்கினு நிக்கறான். மொதல்ல இடிச்ச செவுத்தக் கட்டணும், அப்பறம் அவன வேல செய்ய வுடணும், அப்பறம் நாம மறுபடி இடிச்சிக்கணும். அதுக்குத்தான் என்கிட்ட வரச் சொன்னது.”

அடுத்த தெரு செல்போன் கடைக்காரன் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து எட்டிப் பார்த்தான். “இதுக்கு எதுக்கு இம்மாம் பேஜாரு? குடு, ஃபார்மேட் பண்ணி ஜல்தியா தர்றேன்.” தேவா பாவி ஃபோனை எடுத்து நீட்டிவிட்டான். பரிமளா பருந்து மாதிரி பிடுங்கினாள்.

“ஃபார்மேட் பண்ணா ஃபோன் வரும்ணா. உள்ள இருந்தது ஒண்ணுகூட வராது. பரவால்லியா?”

தேவா நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். வந்தவனை நான் ஒரு பார்வை பார்த்தேன். போய்விட்டான்.

அந்த மாடலின் முழு சாஃப்ட்வேரையும் அவள் முன்பே இறக்கி வைத்திருந்தாள். ரூட் செய்த எந்த ஃபோனுக்கும் அப்படி ஒன்றை வைத்திருப்பாளாம். பேட்டரியைக் கழற்றி அடியில் இருந்த நம்பரை இரண்டு முறை சரிபார்த்தாள். எல்லாம் தயார். கரண்டுதான் இல்லை. கரண்ட் ஒரு மணி வந்தால் ஒரு மணி போகிற வருஷம் அது. வந்த கரண்டும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. சாஃப்ட்வேரை ஏற்றும்போது கரண்ட் பாதியில் போனால் ஃபோன் கல்தான், அப்புறம் யார் வந்தாலும் எழுப்ப முடியாது என்றாள்.

“ஜெனரேட்டர் கீற எடமா எதுனா தெரியுமாம்மா?”

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், நான் மீனுக்கு ஐஸ் வாங்குகிற கம்பெனி. ஜெனரேட்டர் இல்லாவிட்டால் அவன் ஐஸ் எல்லாம் தண்ணியாகிவிடும். “கௌம்பு” என்றேன்.

கம்ப்யூட்டரில் பெட்டி ஒன்று, டிவி மாதிரி ஒன்று. டிவியை சீனுவாசன் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டான். பெட்டியை என் மீன் கூடையில் வைத்து நான் தூக்கினேன்.

“மீன் வாசன அடிச்சா அப்பறம் வர்ற கஸ்டமர் இன்னா சொல்வான்?” என்று சீனுவாசன் முனகினான்.

“பூன வந்து ரிப்பேரு பாக்குதுன்னு சொல்வான், ஏறுங்க” என்றாள் அவன் பெண்டாட்டி.

ஐஸ் கம்பெனி முதலாளி விருத்தாசலம் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “இன்னா முனிம்மா, இத்தயும் ஐஸ்ல வெக்கணுமா?”

“வாய மூடிக்கினு ஒரு பிளக்கக் காட்டு.”

ஐஸ் உடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஈரம் படாத மூலையாகப் பார்த்து, உப்பு மூட்டை மேல் பரிமளா கம்ப்யூட்டரை வைத்தாள். ஜெனரேட்டர் சத்தத்தில் கத்தித்தான் பேச முடிந்தது. திரையில் வரிசையாகக் கட்டம் கட்டமாக டிக் போட்டிருந்தது. ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்து தேவாவைக் கூப்பிட்டாள்.

“இத்தப் பாருங்க. இந்த டிக்கோட ஏத்துனா உங்க பொருள் எல்லாம் பூடும். இத்த எடுத்துட்டு ஏத்துனா நிக்கும். எடுத்துட்டேன். பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“எடுத்துட்டாலும் நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். அப்டேட்டு பாதியில இன்னாத்த இழுத்துப் போட்டுச்சோ தெரியாது. ஏத்தட்டுமா? நீங்க சொல்லணும்.”

தேவா என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. இதில் என்னைக் கேட்டு என்ன ஆகும்? “ஏத்துக்கா” என்றான்.

எனக்கு எழுத்துத் தெரியாது, கலர் தெரியும். அடியில் ஒரு கோடு சிவப்பாக ஓடியது. அப்புறம் கத்தரிப்பூ நிறம். அப்புறம் மஞ்சள், அது மட்டும் நத்தை மாதிரி நகர்ந்தது. வெளியே ஐஸ் பாளத்தைக் கல்லில் போடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பரிமளா ஒயரைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள், குழந்தையை அணைக்கிற மாதிரி. கடைசியில் பச்சை வட்டம் வந்தது. ஒயரைப் பிடுங்கி, பேட்டரியைப் போட்டு, ஃபோனை எரியவிட்டாள்.

அதே கம்பெனிப் பெயர். எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

“அதேதான்கா! திரும்ப அதே எழவுதான்!” என்று தேவா கத்தினான்.

“மொத தபா லேட்டாத்தான் வரும். ஆம்பள பொறுமையே இதுதானா? வலை போட்டா ஒடனேவா மீன் ஏறுது?”

பெயர் மறைந்தது. படம் வந்தது. நான் கூடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்த நிமிஷத்தில் அவள் செய்ததைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். வேறு யாராக இருந்தாலும் மேப்பைத் திறந்து, புள்ளி இருக்கிறதா என்று பார்த்து, தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டியிருப்பார்கள். அவள் ஃபோனைக் குப்புறக் கவிழ்த்து தேவா கையில் கொடுத்தாள். “நீங்களே தொறந்து பாருங்க. நான் பாக்கல” என்று சொல்லிவிட்டு, ஐஸ் பாளம் அடுக்கியிருந்த பக்கம் திரும்பி நின்றாள். சீனுவாசனையும் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். கடல் பக்கம் பிறக்காதவள், மல்லாட்டைக் கொல்லையில் வளர்ந்தவள். எங்கள் வழக்கத்தை ஒருநாள் கேட்டதோடு சரி, மறக்கவில்லை.

தேவா விரலால் மேப்பை நகர்த்தி நகர்த்திப் பார்த்தான்.

“கீதாண்ணா?” என்று ஐஸைப் பார்த்தபடியே கேட்டாள்.

“கீதுக்கா” என்றான். “எல்லாம் கீது.” ஈரச்சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். பிள்ளை பிறந்தபோதுகூட அவன் கண்ணில் தண்ணி வந்து நான் பார்க்கவில்லை.

ஜெனரேட்டர் ஓடும்போதே மிச்சத்தையும் முடித்துவிடலாம் என்றாள். பூட்டு பழையபடி இருந்ததால் அப்டேட் இந்த முறை சண்டை போடாமல் ஏறியது. ஏறி முடிந்ததும் மறுபடி பூட்டை உடைத்தாள். புது அப்டேட்டோடு புதுக் குப்பையும் வந்திருந்ததாம். கம்பெனிக்காரனை அவள் திட்டிய வார்த்தையை இங்கே சொல்ல முடியாது. எனக்கே அதில் ஒன்று புதுசு.

கிளம்பும்போது தேவா தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். “அக்கா, அந்தக் காபி… எடுத்துடலாமா?”

“என் கம்ப்யூட்டர்லயா?” என்றாள், வேண்டுமென்றே.

“கம்ப்யூட்டர்ல வேணாங்கா. தனியா ஒரு மெமரி கார்டுல போட்டு அம்மாகிட்ட குடுத்துட்டா…”

கடைக்குத் திரும்பியதும் எங்கே அமுக்கவேண்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டே இருந்தாள், கையை வைக்கவில்லை. தேவாவே அமுக்கினான். நகத்தளவு கார்டில் எங்கள் பாரெல்லாம் வந்து சேர்ந்தது. நான் அதைச் சுருக்குப்பையில் வெற்றிலைக்குக் கீழே போட்டேன்.

கார்டு விலையில் குறைக்கச் சொல்லி நான் பஸ் வரும்வரை பேரம் பேசினேன். எத்தனை வருஷப் பழக்கம், உன் பெட்டியைத் தலையில் சுமந்தேனே என்றுகூடச் சொன்னேன். “நீ சங்கராவுல எனக்கு என்னிக்காவது ஒரு ரூபா கொறச்சிருக்கியாம்மா?” என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள். நாலு ஜிபி கார்டு, இருநூற்று இருபது ரூபாய்.