மேட்னிக்காக மிச்சம்பிடித்த கால்கள்

விடுதித் தோழிகள் ஐவருக்கும், இன்று ஆம்பூரில் நடந்ததைச் சூடாறுமுன் எழுதுகிறேன். படித்துவிட்டு அடுத்தவளுக்கு அனுப்புங்கள்.

என் மூட்டுவாதம் ஒரு நாளைக்கு மூன்று வேலைகளைத்தான் அனுமதிக்கும். இன்றைக்குக் குளியல், சமையல், மேட்னி டிக்கெட் க்யூ. நான்காவதாக ஒன்றைச் செய்தால் படம் போச்சு.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு மேரி சாத்துக்குடியோடு நலம் விசாரிக்க வந்தாள். வந்தவளுக்குக் காபி கொடுக்காவிட்டால் தெருவே பேசும். காபி என்றால் நான்காவது வேலை.

சட்டென்று படுத்துக்கொண்டு முனகினேன்.

"இன்னாக்கா, வலி ஜாஸ்தியா? எழுந்துக்காதீங்க!" என்று அவளே காபி போட்டாள். பாத்திரம் தேய்த்தாள். துவையலும் அரைத்தாள். நான் இன்னும் கொஞ்சம் முனகினேன்.

இரண்டு மணிக்குக் கொட்டகையில் பெண்கள் க்யூவில் நின்றேன். முன்னால் நின்றவள் திரும்பினாள். மேரி!

வலி நிஜம்தான், முனகலில்தான் கலப்படம். ஆனால் இனி நிஜமாக முனகினால் இவள் நம்புவாளா?

இடுப்பில் கைவைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"படத்துக்குன்னு சொல்லியிருந்தா கொழம்பும் வெச்சிட்டு வந்திருப்பேனேக்கா! போய் அந்த பெஞ்ச்ல குந்துங்க. டிக்கெட் நான் வாங்கறேன்."

க்யூவில் நிற்காமல் மிச்சமான பலத்தில்தான் இந்தக் கடிதம். நீங்களும் நலம் விசாரிக்க வரலாம். யாருக்கு என்ன வேலை தெரியும் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.